அற்புத வலை: எழுதுகிறவர்களுக்கு ஓர் உடற்கூற்றுச் சொல்

ஆட்டுத்தலையைப் பிளந்து மூளையை எடுத்த பிறகு மண்டையோட்டின் அடித்தளத்தைக் கவனித்துப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் செந்நிறமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். தசை என்று நினைக்கத் தோன்றும். சவ்வை உரித்து, தண்ணீரில் அலசி, ஊசிமுனையால் மெல்லப் பிரித்தால் அது தசை இல்லை என்று தெரியும். இழை இழையாக, ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட ரத்தக் குழாய்கள். மூளைக்குப் போகும் தமனி அங்கே வந்ததும் பல கிளைகளாகச் சிதறி, வலையாகப் பின்னி, பிறகு மறுபடி ஒரே தமனியாகச் சேர்ந்து மேலே ஏறுகிறது.

இந்த அமைப்புக்கு லத்தீனில் 'ரேட்டே மிராபிலே' என்று பெயர். ரேட்டே என்றால் வலை, மிராபிலே என்றால் வியக்கத்தக்க. தமிழில் 'அற்புத வலை' என்று எழுதலாம். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

இந்தச் சொல்லைப் பற்றித் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. அறிவியல் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் அடிக்கடி ஒரு தொடரைச் சந்திக்கிறேன்: 'ரத்த நாளங்களின் அற்புத வலைப்பின்னல்'. சிறுநீரகத்தைப் பற்றி எழுதினாலும் நுரையீரலைப் பற்றி எழுதினாலும் இதே தொடர்தான். கதைகளில் நகரத்துத் தெருக்களுக்கும் இதுவே உவமை. எழுதியவர் வியப்பைத்தான் சொல்ல நினைக்கிறார். ஆனால் உடலுக்குள் ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் விதங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. அந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் உவமையும் கூர்மையாகிவிடும்.

முதலில் அடிப்படைச் சொற்கள். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி. திரும்பக் கொண்டுவருவது சிரை. இரண்டுக்கும் நடுவே, ரத்தம் திசுக்களுக்குப் பிராணவாயுவையும் உணவையும் கொடுக்கும் மிக நுண்ணிய குழாய்கள் தந்துகிகள். தந்து என்றால் நூல். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இவையே நாடி, நாளம், மயிர்த்துளைக்குழாய். தமிழ்நாட்டு வாசகர் 'நாடி' என்றதும் மணிக்கட்டில் கைவைத்துப் பார்க்கும் துடிப்பை நினைப்பார். 'நாளம்' என்றால் எந்த ரத்தக் குழாயையும் நினைப்பார். இரு கரையிலும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்றால், முதல்முறை சொல்லும்போதே 'இதயத்திலிருந்து போகும் குழாய்' என்று விளக்கிவிடுவது நல்லது.

நரம்பு என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்ற வரும் செவிலியர் 'நரம்பு கிடைக்கலை' என்றுதான் சொல்வார். அவர் தேடுவது சிரையை. பேச்சுவழக்கில் இது பிழையே அல்ல. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதிய தாயின் தோளை 'நரம்பு எழுந்து உலறிய' என்கிறார். தோல் வற்றிப் புடைத்துத் தெரிவதற்கு அப்போதே நரம்பு என்றுதான் பெயர். கதையில் ஒரு பாட்டியின் கையை வர்ணிக்கும்போது 'சிரை புடைத்த கை' என்று எழுதினால் அந்தக் கை பாடப்புத்தகத்தில் வரையப்பட்ட கையாகிவிடும். அங்கே நரம்பு என்றே எழுதுங்கள். மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பும் அதே பத்தியில் வரும்போதுதான் இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

இனி, குழாய்கள் சேரும் விதங்கள். இதை ஆறுகளை வைத்து விளக்கினால் எளிதாகப் புரிகிறது.

கல்லணைக்குக் கீழே காவிரி பிரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். காவிரி, வெண்ணாறு, அவற்றிலிருந்து கிளையாறுகள், வாய்க்கால்கள், கடைசியில் வயல் மடை. பெரியது சிறியதாகி, சிறியது இன்னும் சிறியதாகி, தண்ணீர் ஒவ்வொரு வயலையும் தொடுகிறது. தமனி கிளைத்துத் தந்துகியாவது இப்படித்தான். ஓர் உறுப்புக்குள் பரவியிருக்கும் இந்தக் கடைமடைக் குழாய்களை மொத்தமாகத் தந்துகிப் படுகை என்பார்கள். ஊரின் சந்துகள் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய்ச் சேருவதைச் சொல்ல இந்த உவமை மிகவும் பொருந்தும்.

அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா வேறு மாதிரி. மணல்திட்டுகளுக்கு இடையே பல ஓடைகளாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து, சடை பின்னியதுபோல ஓடும். உடலில் சிரைகள் இப்படிப் பின்னிக்கிடந்தால் அது பின்னல். ஆங்கில மருத்துவர்கள் சொல்லும் பிளெக்ஸஸ் என்ற சொல்லுக்கும் லத்தீனில் பின்னுதல் என்றே பொருள். எனவே தமிழ்ச் சொல் நேராக உட்கார்ந்துவிடுகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத சிக்கலுக்கு இதுதான் சொல்.

மூன்றாவது, ஸ்ரீரங்கம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, தீவைச் சுற்றிக்கொண்டு, கல்லணைக்கு அருகே உள்ளாறு வழியாக மறுபடி தொட்டுக்கொள்கின்றன. ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் வழி இருக்கும். இரண்டு குழாய்கள் இப்படி வாயோடு வாய் சேருவதை அனாஸ்டமோசிஸ் என்கிறார்கள். தமிழில் நாள இணைப்பு எனலாம். நம் மூளையின் அடியில் இப்படி ஒரு வளையம் இருக்கிறது. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1664-இல் அதை விவரித்தார்; இன்றும் அது வில்லிஸ் வளையம்தான். பைபாஸ் அறுவைச் சிகிச்சையில் மருத்துவர் தைத்து உண்டாக்குவதும் இதே போன்ற ஓர் இணைப்பையே.

அற்புத வலை இந்த மூன்றிலும் சேராது.

வழக்கமான பாதை என்ன? தமனி, தந்துகி, சிரை. அற்புத வலையில் தமனி பல நுண்குழாய்களாகச் சிதறும்; ஆனால் அங்கே முடிந்து சிரையாகிவிடாது. மறுபடி தமனியாகவே சேர்ந்து மேற்கொண்டு போகும். அப்படியானால் நடுவில் எதற்காக இந்தச் சிதறல்? பெரும்பாலான அற்புத வலைகளில் பதில், பக்கத்தில் ஓடும் சிரை ரத்தம். உறுப்பிலிருந்து திரும்பிவரும் ரத்தம், உறுப்புக்குப் போகும் ரத்தத்தை ஒட்டி, எதிர்த்திசையில் ஓடுகிறது. நடுவே மெல்லிய சுவர்கள் மட்டும். அந்தச் சுவர் வழியாக வெப்பமோ வாயுவோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகிறது.

எதிர்த்திசை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு குழாயில் 40 பாகைச் சுடுநீர், இன்னொன்றில் 10 பாகைக் குளிர்நீர், இரண்டும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒட்டவைத்து ஒரே திசையில் ஓடவிட்டால், கொஞ்ச தூரத்தில் இரண்டும் 25 பாகைக்கு வந்து நின்றுவிடும். அதற்கு மேல் கொடுக்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை. எதிரெதிராக ஓடவிட்டால் கதை மாறும். பாதி வழி வந்து ஓரளவு சூடேறிய குளிர்நீர், தன்னைவிடச் சூடான நீரை எதிரே சந்திக்கிறது. இன்னும் முன்னேறினால் அதைவிடச் சூடானது எதிரே வருகிறது. ஒவ்வொரு அங்குலத்திலும் கொடுப்பவனிடம் கொஞ்சம் அதிகம் இருக்கிறது. குழாய் போதிய நீளம் இருந்தால், உள்ளே வந்த குளிர்நீர் ஏறக்குறைய 40 பாகையில் வெளியேறும். சுடுநீர் ஏறக்குறைய 10 பாகையில் வெளியேறும். இதற்கு எந்த எஞ்சினும் வேண்டாம். இரண்டு ஓட்டங்களின் திசை மட்டுமே போதும். முதன்முதலாக இதைக் காகிதத்தில் எண் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சூரை மீனை வெட்டியவர்களுக்கு அதன் சதையில் கருஞ்சிவப்பான ஒரு பகுதி இருப்பது தெரியும். ஓயாமல் நீந்தும் தசை அது. நீந்துவதால் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு ரத்தத்தோடு செவுளுக்குப் போனால் கடல்நீரில் அப்படியே கரைந்துவிடும்; மற்ற மீன்களுக்கு அதுதான் நடக்கிறது. சூரைக்கு அந்தத் தசையை ஒட்டியே அற்புத வலை இருக்கிறது. வெளியே போகும் சூடான சிரை ரத்தம், செவுளிலிருந்து வரும் குளிர்ந்த தமனி ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. குளிர்ந்த வட அட்லாண்டிக்கில் திரியும் நீலத்துடுப்புச் சூரையின் தசை, சுற்றியுள்ள நீரைவிடப் பத்துப் பாகைக்கும் மேல் சூடாக இருக்கும்.

ஆட்டில் இதே ஏற்பாடு குளிர்விக்கப் பயன்படுகிறது. மூச்சுவிடும்போது மூக்கின் ஈரத்தில் குளிர்ந்த சிரை ரத்தம் மண்டையின் அடியில் தேங்கும் இடத்தில்தான் அந்த வலை மூழ்கியிருக்கிறது. மூளைக்கு ஏறும் தமனி ரத்தம் அங்கே சூட்டை இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. மாடு, செம்மறி, மான் வகைகளுக்கும் இது உண்டு. குதிரைக்கு இல்லை. மனிதனுக்கும் இல்லை.

மீனின் காற்றுப்பையில் இருக்கும் வலை வாயுவைக் காக்கிறது. ஆழத்தில் நீரின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கப் பைக்குள் பிராணவாயுவை நெருக்கி அடைக்க வேண்டும். அது ரத்தத்தோடு கசிந்து போய்விடாமல், வெளியேறும் குழாயிலிருந்து உள்ளே வரும் குழாய்க்கே திரும்பிவிடுகிறது. தந்துகிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1920-இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க் அறிஞர் ஆகஸ்ட் குரோக், விலாங்கு மீனின் இந்த வலையில் உள்ள குழாய்களை எண்ணினார். போவதும் வருவதுமாகச் சேர்த்து இரண்டு லட்சம். மொத்த வலையும் ஒரு நீர்த்துளி அளவுதான்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உயிர் இருக்கிறது: தேவாங்கு. அதன் கைகால்களில் தமனி பல இணைகுழாய்களாகப் பிரிந்து கற்றையாக ஓடுகிறது. தேவாங்கு இனத்திலும் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் அசமந்த விலங்கான ஸ்லாத்திலும் இந்தக் கற்றையை லண்டன் அறுவை மருத்துவர் ஆன்டனி கார்லைல் 1800-இல் விவரித்தார். மெதுவாக நகரும் விலங்குகளுக்கு இப்படி இருக்கிறதே என்பதுதான் அவர் கண்ணில் பட்டது. கிளையை ஒரே பிடியாகப் பிடித்து நெடுநேரம் அசையாமல் இருக்க இது உதவுகிறது என்பது ஒரு விளக்கம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே இரவில் கிளையைப் பற்றியிருக்கும் ஒவ்வொரு கைக்குள்ளும் இந்த வலை ஓடிக்கொண்டிருக்கிறது.

பெயரின் கதைக்கு வருவோம். எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல்லில் மிக வளமான பகுதி இதுதான்.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், மூளையின் அடியில் உள்ள இந்த அமைப்பை வியந்து எழுதினார். சாதாரண வலை அல்ல இது. மீனவர்களின் வலைகள் பலவற்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது என்று உவமை சொன்னார். ஆக, வலை என்ற உவமை பிறந்ததே மீனவர் கையில் இருந்த வலையைப் பார்த்துத்தான். இதயத்திலிருந்து வரும் உயிர்க்காற்று இந்த வலைக்குள் பக்குவப்பட்டு, சிந்தனைக்கும் உணர்ச்சிக்கும் உரிய நுண்காற்றாக மாறுகிறது என்பது அவர் கொள்கை. உடலுக்கும் மனத்துக்கும் நடுவில் இருக்கும் வாசல் அவருக்கு இந்த வலைதான்.

ஆனால் அவர் அறுத்துப் பார்த்தவை மாடு, ஆடு, பன்றி, குரங்கு. மனித உடலை அறுக்க அன்றைய ரோமில் வழியில்லை. மாட்டில் கண்டதை மனிதனுக்கும் உண்டு என்று எழுதிவிட்டார். அதற்குப் பின் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவம் படித்தவர்கள், மனித மூளையின் அடியில் அற்புத வலை இருப்பதாகவே படித்தார்கள்.

இத்தாலியின் பெரெங்காரியோ டா கார்ப்பி, எத்தனையோ தலைகளை அறுத்துத் தேடியும் தன் கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்லை என்று 1521-இல் எழுதினார். பதுவா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஆந்த்ரேயாஸ் வெசாலியஸின் கதைதான் என்னை அதிகம் தொடுகிறது. 1538-இல் அவர் வெளியிட்ட படங்களில் மனித உடலுக்குள் அந்த வலையை வரைந்திருந்தார். ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1543-இல், 28 வயதில் வெளியிட்ட பெருநூலில் மனிதனுக்கு அது இல்லை என்று எழுதினார். அத்தோடு நிறுத்தவில்லை. மனிதத் தலையை அறுத்துக் காட்டும்போதெல்லாம் ஆட்டுத்தலையோ மாட்டுத்தலையோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வலையைக் காட்டி மாணவர்களைச் சமாதானப்படுத்தியதையும் ஒப்புக்கொண்டார். கேலன் மேல் தனக்கிருந்த பக்தியையும் தன் அறியாமையையும் நொந்துகொண்டார். இல்லாத ஒன்றைத் தானே வரைந்து, பிறகு தானே அழித்தவர்.

அதனால் அற்புத வலை என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள் புதைந்திருக்கிறது. ஒன்று, எதிரெதிர் ஓட்டங்கள் கைமாற்றிக்கொள்ளும் இடம். இன்னொன்று, எல்லோரும் நம்பிய, தேடியபோது கிடைக்காத இடம். கட்டுரையில் முதல் பொருள் பயன்படும். கதையிலும் கவிதையிலும் இரண்டாவது இன்னும் ஆழமாக வேலை செய்யும். ஆன்மா எங்கே இருக்கிறது என்று கேட்கும் ஒரு பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடற்கூற்றுச் சொல் எனக்குத் தெரியவில்லை.

மனித மூளைக்கு இல்லை என்றதும் மனித உடலிலேயே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் தந்துகி முடிச்சில் தமனி சிதறி, மறுபடி சிறு தமனியாகவே சேருகிறது. அமைப்பின்படி அதுவும் இந்த வகைதான், ஆனால் அதன் வேலை வடிகட்டுவது. விதைப்பைக்கு மேலே சிரைகள் கொடியின் சுருள்போலத் தமனியைச் சுற்றிப் படர்ந்து, உள்ளே போகும் ரத்தத்தைக் குளிர்விக்கின்றன. இது பின்னல், செய்வதோ அற்புத வலையின் வேலை. சொற்கள் இப்படி எல்லையில் உரசிக்கொள்ளும் இடங்களில், வேலையைச் சொல்லிவிட்டுப் பெயரைச் சொன்னால் வாசகர் குழம்பமாட்டார்.

எழுத்தில் கையாளும்போது நான் கடைப்பிடிக்கும் வழக்கங்கள் சில. முதல்முறை வரும்போது 'அற்புத வலை எனப்படும் ரத்தக் குழாய் அமைப்பு' என்று முழுதாகச் சொல்வேன். பிறகு வெறுமனே 'வலை' போதும். மருத்துவம் படித்தவர்கள் வாசிக்கும் கட்டுரை என்றால் ரேட்டே மிராபிலே என்ற பெயரையும் ஒருமுறை தமிழ் எழுத்தில் தருவேன். 'அற்புதமான வலை' என்று எழுத மாட்டேன். 'ஆன' சேர்ந்ததுமே பெயர் போய்ப் பாராட்டு வந்துவிடுகிறது. வலைப்பின்னல் என்ற சொல்லையும் இந்த இடத்தில் தவிர்ப்பேன். கணினி வலைப்பின்னல், சாலை வலைப்பின்னல் என்று அது எல்லாவற்றுக்கும் போய் உழைத்துக் களைத்துவிட்டது.

உவமையாகப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இங்கே எதிரெதிராக இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றனவா, அவை எதையாவது கைமாற்றிக்கொள்கின்றனவா? நகரத்துச் சந்துகளில் அது இல்லை, அவை தந்துகி. தலைக்குமேல் சிக்கிக் கிடக்கும் மின்கம்பிகளில் இல்லை, அவை பின்னல். அண்மையில் ஒரு கதையாசிரியருக்காகத் திருத்திய பகுதியில், திருச்சி விமான நிலையத்தைப் பற்றி 'மனிதர்களின் அற்புத வலைப்பின்னல்' என்று இருந்தது. சொல்லை அடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கதையை முழுதாகப் படித்தபோது கை நின்றுவிட்டது. வளைகுடாவிலிருந்து இறங்கும் ஒருவர், அதே வாசலில் முதல்முறை ஏறப்போகும் தம்பி முறைக்காரனைச் சந்திக்கிறார். குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுக்கிறார். மீதமிருந்த திர்ஹம் சில்லறை, ஒரு மலையாளி மெஸ்ஸின் விலாசம், பத்துப் பன்னிரண்டு அரபுச் சொற்கள், எந்த மேஸ்திரியிடம் வாய் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. வெளியே வருகிறவர் தன்னிடம் சேர்ந்திருந்த சூட்டை உள்ளே போகிறவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

'பின்னல்' என்பதை மட்டும் நீக்கினேன். 'மனிதர்களின்' என்பதும் தேவைப்படவில்லை. கண்ணாடிக் கதவின் இரு பக்கமும் அற்புத வலை என்று வாக்கியம் நின்றது. அதற்கு இரண்டு பக்கம் முன்னால், பாத்திரத்தின் அப்பா சூரை மீன் அறுக்கும் காட்சி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அங்கே அந்தக் கருஞ்சதையைப் பற்றி இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் குறிப்பெழுதி அனுப்பினேன்.